குழந்தைகள் அறையில் பச்சை

பிளேடு மறுபடியும் வழுக்கியது. அன்னெகிரெட் விரலை வாயில் வைத்துக்கொண்டு, அந்தப் பச்சைப் பெயிண்டைப் பூசியவரின் பரம்பரையையே திட்டினாள்.

சாப்பாட்டு மேசையை ஒரு வாரமாகப் பொம்மை வீடு பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வீடு. சமையலறைச் சுவரில் நீலக் கட்டம் போட்ட தாள். கூடத்தில் பழுப்பு இலைகள். படுக்கையறையில் ரோஜா மொட்டுகள். எல்லாம் அந்தக் காலத்தில் ஒட்டியது, ஒரு கிழிசல்கூட இல்லை.

குழந்தைகள் அறையில் மட்டும் யாரோ சுவர், ஜன்னல் சட்டம் என்று பார்க்காமல் பச்சையை அப்பி வைத்திருந்தார்கள்.

ட்ரெஸ்டன் பழம்பொருள் சந்தையில் பேரம் பேசி வாங்கிய குட்டித் தொட்டில், தகர ரயில், விரல் நீள ஆடுகுதிரை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டி மூடியில் குடிபோகக் காத்திருந்தன. அடுத்த வாரம் ஊர் அருங்காட்சியகத்தில் கிறிஸ்துமஸ் கண்காட்சி. பெயிண்டோ பொடிப்பொடியாகத்தான் உதிர்ந்தது.

"பேசாம அதுமேலயே வேற தாளை ஒட்டிட வேண்டியதுதானே?" என்றான் அவள் கணவன் வோல்க்மார், காபிக் கோப்பையை வைக்க இடம் தேடியபடி. "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல! போன வருஷக் கண்காட்சியில என் பொம்மை வீட்டுச் சமையலறை ஜன்னல் திரை பழசில்ல, புதுசுன்னு அந்த ரெனாட்டா ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாளே, மறந்துட்டியா?"

"சரி தாயே. அப்போ இன்னைக்கும் தட்டை மடியில வச்சுத்தான் சாப்பாடு."

அவள் ஹேர் டிரையரை எடுத்துச் சுவருக்குப் பிடித்தாள். பெயிண்ட் மெல்ல இளகியது. பிளேடை அடியில் நுழைத்து நெம்பினாள்.

பொடியாகாமல், உடையாமல், பச்சை ஒரே பட்டையாக உரிந்து வந்தது.

"வோல்க்மார்! வந்துடுச்சு, வந்துடுச்சு! இங்க பாரேன்!"

அடியில் படம் போட்ட சுவர்த்தாள். முதலில் தெரிந்தவை பூட்ஸ்கள். அப்புறம் அரைக்கால் சட்டைகள். பையன்கள். ஒருவன் முரசு அடித்துக்கொண்டிருந்தான், அடுத்தவன் ஊதுகுழல் ஊதினான். மூன்றாமவன் கையில் கொடி.

சிவப்புக் கொடி. நடுவில் வெள்ளை வட்டம். அதற்குள் கறுப்பாக அந்தக் கோணல் சிலுவை.

சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்த வோல்க்மார், போய் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தான்.

"நாஜிக்காரன் கொடி," என்றான். "குழந்தைங்க அறையில."

அன்னெகிரெட்டுக்கு அழுகையாக வந்தது. ஒரு வார வேலை. இதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிப் பிள்ளைகள் வரும் கண்காட்சியிலா வைப்பது? அழுகை அப்படியே கோபமாகத் திரும்பியது. முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் இந்தப் பொம்மை வீட்டை அவளுக்கு விற்ற கிழவி லோட்சேயின் எண்ணை அழுத்தினாள்.

"பச்சைக்கு அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?"



"சுரண்டினீங்களா?"

"ஒரு வாரமா அதுதான் வேலை! விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அதைப் போய் ஒருத்தர் சுரண்டுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லையேம்மா."

கிழவியின் குரலில் கோபம் இல்லை. அதுவே அன்னெகிரெட்டுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்தத் தாளை ஒட்டினது எங்க லோதார்," என்றாள் லோட்சே. "என் அண்ணன். எனக்குக் கிறிஸ்துமஸ் பரிசு. அவனும் அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு, அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டுத் தெருத்தெருவா நடந்தவன்தான். தாள்ல இருக்கிற வரிசையில நாலாவதா வர்றவனைக் காட்டி, 'இது நான்தான்டி, நல்லா பாத்துக்கோ'ம்பான்."

அன்னெகிரெட் பிளேடைக் கீழே வைத்தாள்.

"பதினேழு வயசுல கிழக்கே போர்முனைக்குப் போனான். அவன் செத்துட்டான்னு சேதி வந்த அன்னைக்கு அம்மா அழல. வேலிக்கு அடிக்க வச்சிருந்த பெயிண்டைத் தூக்கிட்டு வந்து என் பொம்மை வீட்டுக்கு முன்னால உக்காந்துட்டாங்க. என் வீடு, என் வீடுன்னு நான் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல."

எங்கோ தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. இல்லத்தில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. யாரோ கிழவியைக் கூப்பிட்டார்கள். அவள் போனை வைக்கவில்லை.

"எத்தனை பேரு வெளியே வந்திருக்காங்க?"

அன்னெகிரெட் சுவரைப் பார்த்தாள். "மூணு பேர்."

கிழவி மூச்சை இழுத்துவிட்டது போனில் தெளிவாகக் கேட்டது.

"போதும்மா. அவனை விட்டுடுங்க. அம்மா போர்த்தினது போர்த்தினபடியே இருக்கட்டும்."

"சரி," என்றாள் அன்னெகிரெட்.

கொடி பிடித்த பையனுக்குப் பின்னால், பச்சையின் விளிம்புக்கு வெளியே ஒரு பூட்ஸின் முனை எட்டிப் பார்த்தது. அதை அவள் சொல்லவில்லை.