பறந்து வந்த பச்சைத் தட்டு

"சுப்பம்மா, அந்தப் பச்சைத் தட்டு எங்கை?"

எங்கள் கச்சான் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கிவிட்டு, மத்தியானச் சோற்றுக்குக் கை கழுவிக்கொண்டிருந்த சுப்பம்மா நிமிர்ந்தாள்.

"நேத்து சாப்பிட்டுட்டு, கழுவி அங்கயேதான் வச்சேன், அம்மா."

குசினிக்கு வெளியே, கூரைத் தடியில்தான் அது செருகியிருக்கும். விளிம்பில் சூடுபட்டுக் கருகிய பிளாஸ்டிக் தட்டு.

"தட்டுக்குக் கால் முளைச்சதோ? உன்னைத் தவிர அதை ஆர் தொடுறது? வேணுமெண்டால் கேட்டிருக்கலாம். கேளாமல் எடுத்தால் அதுக்கு என்ன பேர்?"

வேலிக்கு அங்காலிருந்து சிவனேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தா. பார்க்கட்டும் என்றே நானும் சத்தத்தைக் கூட்டினேன்.

"பதினோரு வருஷமா வர்றேன், அம்மா. ஒரு கச்சான் கொட்டைகூட மடியில கட்டிப் போனதில்லை."

அலுமாரியில் பீங்கான் தட்டுகள் ஆறு இருந்தன. அவளுக்குச் சோறு போட அதில் ஒன்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

சுப்பம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோறு வேணாம், அம்மா." பையை எடுத்துக்கொண்டு வேலிப் படலைப் பக்கம் நடந்தாள்.

"அம்மா, விலத்துங்கோ!"

பள்ளிக்கூடத்தால் வந்த என் மகள் யதுர்ஷிகாவின் குரல். படலையடியிலிருந்து ஏதோ சுழன்று, சுப்பம்மாவின் தலைக்கு மேலால் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

"பறக்கும் தட்டு! நானே செய்தனான். நடுவை வட்டமா வெட்டி, விளிம்பிலை பழைய சைக்கிள் ரியூப் சுத்தினது. வகுப்பிலை என்ரதுதான் கூடத் தூரம் போனது!"

குனிந்து எடுத்தேன். பச்சை நிறம். ரியூப்புக்குக் கீழே அதே கருகல்.

சுப்பம்மாவும் கண்டுவிட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு மகளின் தலையைத் தடவினாள்.

"ரொம்ப நல்லாப் பறக்குது, பாப்பா."



"இதை ஏனடி எடுத்தனி?" என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மகள் விளங்காமல் பார்த்தாள்.

"வீட்டிலை பாவிக்காத பிளாஸ்டிக் சாமான் கொண்டுவரச் சொல்லி ரீச்சர் சொன்னவா. இதைத் தொடாதை, இதிலை சாப்பிடாதை எண்டு நீங்கள்தானே ஏசுறனீங்கள்? எங்கட வீட்டிலை ஒரு மனிசரும் சாப்பிடாத தட்டு இது ஒண்டுதானே, அம்மா?"