அத்தி மரத்துக்குச் சாக்கு

"இந்த முனையைக் கொஞ்சம் பிடி" என்று சாக்கை நீட்டினார் பக்கத்து வீட்டு எத்தோரே.

ஆனந்தராஜா தன் புல்வெளியில் இலை வாரிக்கொண்டிருந்தான். போகவும் மனமில்லை. எண்பது வயது மனிதரிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. போனான்.

பிஸ்கட்டவே என்ற அந்த அமெரிக்க ஊரின் இத்தாலியக் கிழவர்கள் நவம்பர் வந்தால் அத்தி மரத்துக்குச் சாக்கு கட்டுவார்கள். கிளைகளை மடக்கிக் கயிற்றால் இறுக்கி, சாக்கால் சுற்றி, உச்சியில் ஒரு வாளியையும் கவிழ்த்துவிட்டால் மரம் பனிக்குத் தப்பிவிடும். வசந்தம் வரை அங்கேயே நிற்கும், ஆள் உயரத்தில், ஆனந்தராஜாவின் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி.

போன குளிர்காலம் முழுக்க அந்த ஜன்னலின் திரையை அவன் விலக்கவே விடவில்லை.

காரணம் அவன் மனைவி இந்திராதேவிக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒருநாள் ஆமி ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களையெல்லாம் கோயில் வீதியில் வரிசையாக நிறுத்தியது. எதிரே தலையில் சாக்கு மாட்டிய ஒருவன். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அவளுடைய அண்ணன் தயாபரனைப் பார்த்து ஆட்டினான். தயாபரன் திரும்பி வரவில்லை.

அண்ணனுக்குப் பக்கத்தில்தான் நின்றானாம் சிநேகிதன் ஆனந்தராஜா. அவன் தப்பிவிட்டான். அண்ணனைக் கடைசியாகப் பார்த்தவன் என்பதற்காகவே அவள் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

எத்தோரே மேல் அவனுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். வேலியோரம் தலை தெரிந்தால் போதும், கிழவர் தன் தாத்தாவின் கதையை எடுத்துவிடுவார். தாத்தா கொல்லராம், ராஜாவே வேண்டாம் என்ற புரட்சிக்காரராம். சொல்லிவிட்டு, "உங்கள் ஊரில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பார்.

சும்மா கேட்பாரா? அடுத்த மாதம் கிரீன் கார்டு இன்டர்வியூ. எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான். அது சத்தியமும்கூட. ஆனாலும் கிழவரின் மருமகனுக்கு ஏதோ அரசாங்க வேலை என்று கேள்வி. ஏதோ என்றால் என்ன?

"அந்தாள் போட்டு வாங்குது. நீரும் வாயைத் திறந்துபோடாதையும்" என்று காலையில்கூடச் சொல்லியிருந்தான்.

"ரிட்டயர் ஆன மனுசன், பொழுதுபோகாமல் கதைக்குது. உங்களுக்கு ஆரைப் பாத்தாலும் சந்தேகம். மடியில கனமில்லாட்டி வழியில பயமேனப்பா?" என்று சிரித்தாள் இந்திராதேவி.

இப்போதும் கிழவர் தொடங்கிவிட்டார்.

உலையில் இரும்பு காயும் நேரத்தில் தாத்தா கூலிக்காரர்களுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவாராம். நிலம் உழுகிறவனுக்கே என்பாராம். சாமியும் வேண்டாம், சாமியாரும் வேண்டாம் என்று, பெற்ற பிள்ளைகளுக்குத் தூக்கில் தொங்கிய புரட்சிக்காரர்களின் பெயர்களை வைத்தாராம். பாட்டி பின்வாசல் வழியாகத் தூக்கிப் போய் ஞானஸ்நானம் கொடுத்துவந்தது வேறு கதை.

ஆனந்தராஜா கயிற்றை இழுத்தான்.

"ஒருநாள் போலீஸ் வந்து எல்லோரையும் சந்தை வெளியில் நிறுத்திவிட்டது" என்றார் எத்தோரே. "மாவுச் சாக்கு மாட்டிய ஒருத்தன் முன்னால் வந்தான். தாத்தாவைப் பார்த்துத் தலையாட்டினான்."

கயிறு நழுவியது.

இவருக்கு எப்படித் தெரியும்? இந்திரா உளறிவிட்டாளா? மருமகன் ஃபைலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னானா? கிழவரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான்.

கிழவரின் கண் கலங்கியிருந்தது.

சிறையிலிருந்து வந்த தாத்தா, சாக்குக்குள் இருந்தது தன் இரண்டு மகன்களில் ஒருவன்தான் என்று நம்பினாராம். சாகும்வரை அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அது தாங்காமல் மூத்தவன் கப்பலேறி அமெரிக்கா வந்தான். அவன்தான் எத்தோரேயின் அப்பா.

அட, இவ்வளவுதானா!

ஆனந்தராஜாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவராவது துப்புத் துலக்குவதாவது. தன் வீட்டுச் சந்தேகத்தைச் சொல்லி ஆற ஓர் ஆள் தேடியிருக்கிறார், பாவம். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. கயிற்றை எடுத்து உற்சாகமாகவே முடிச்சுப் போடத் தொடங்கினான்.

இந்திராதேவி இரண்டு கோப்பைத் தேநீருடன் வந்து பின்னால் நின்றாள்.

எத்தோரே இன்னொரு சாக்கை உதறி மரத்தின் தலையில் போட்டார். "நான் ஒன்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன். இதற்குள் இருப்பவனுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எங்கள் அப்பாவே ஆனாலும், குருட்டாம்போக்கில் ஆட்டிய தலைதானே?"

இந்திராதேவியும் இத்தனை வருடமாக இதையே நினைத்துத்தான் ஆறிக்கொண்டிருந்தாள்.

"சேச்சே, நன்றாகத் தெரியும்" என்றான் ஆனந்தராஜா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதலில் வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரியும். தூசியில் தும்மல் வரும், தும்மவும் பயமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அப்புறம் ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரியும்."

முடிச்சு விழவில்லை. அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

எத்தோரே வாளியைப் பிடித்தபடி அவனையே பார்த்தார்.

இந்திராதேவி ஒரு கோப்பையை அவரிடம் கொடுத்தாள். மற்றதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு எங்கட அண்ணா உங்களுக்குப் பக்கத்திலயோ நிண்டவர்?" என்று கேட்டாள். "முன்னாலயோ?"