மெட்ராஸ் சரோஜா

"இதென்ன கூத்து! செடி வளத்தறதுக்குக்கூடப் பாடம் படிக்கோணுமா?"

மருமகள் ஜீவிதா லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கட்டிலில் படுத்தபடியே மருதாத்தாள் முணுமுணுத்தாள். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் தென்னந்தோப்பைக் கட்டி ஆண்டவள், வேறென்ன சொல்வாள்?

"ஃபிளாட்டுல இருக்கறவங்களுக்குங்க அத்தை. எந்தச் செடி வாங்கறது, எப்படிப் பாத்துக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியாதுங்களே."

செடி வளர்ப்புக்கென்று தொடங்கிய வெப்சைட்டுக்கு 'முதல் தொட்டி' என்று பெயர் வைத்தாள் ஜீவிதா. பால்கனிக்கு எது, இருட்டு அறைக்கு எது என்று படம் போட்டு விளக்கினாள். கேள்வி கேட்க ஒரு பெட்டியும் வைத்தாள். ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"மூடிரலாம்னு இருக்கேனுங்க அத்தை," என்றாள் ஒருநாள், முகம் வாடி.

"நாந்தான் அப்பவே சொன்னனே!"

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு கேட்கவில்லை. தன் வீட்டுக்காரர் அர்த்தநாரி காலமான பிறகு, அத்தை தனியாகக் கிடக்கக் கூடாதென்று கோயமுத்தூர் வேலையை உதறிவிட்டு வந்த பெண். அவளுக்கென்று இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போனால் அவள் என்ன ஆவாள்?

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் அந்தக் கேள்விப் பெட்டியைத் திறந்து மைக்கை அமுக்கினாள் மருதாத்தாள். பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். பெயர் கேட்ட இடத்தில் 'மெட்ராஸ் சரோஜா' என்றாள்.

தெரிந்ததைத் தெரியாத மாதிரி கேட்பது லேசுப்பட்ட காரியமா? யோசித்து யோசித்து, "துளசியை வெயில்ல வெக்கறதா, ஃபிரிட்ஜுல வெக்கறதா?" என்று கேட்டு வைத்தாள்.

சாயங்காலம் ஜீவிதா துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தை! மெட்ராஸ்ல இருந்து ஒருத்தங்க கேள்வி கேட்டிருக்காங்க!"

"ஃபிரிட்ஜுலயா? அவளுக்கு அறிவே இல்லையாட்ட இருக்குது!" என்று மருதாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க வேண்டுமே.

அதன் பிறகு சரோஜா ஓயவில்லை. ஜீவிதாவும் சளைக்கவில்லை. "காலை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று பதில் எழுதுவாள். பொய்க் கேள்விக்கும் பொருத்தம் வேண்டாமா? மருதாத்தாள் முற்றத்தில் ஒரு ரோஜாவையே வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் பூபதிராஜா கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தான். ரோஜாவுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்த மருதாத்தாளுக்கு, ஜன்னல் வழியே அவன் சிரிப்பு கேட்டது.

"ஏ ஜீவி! இந்த சரோஜா 'ரெண்டு நேரமும் வெள்ளம் ஊத்தியும் ரோஜா வாடுது'ங்குது. மெட்ராஸ்ல ஏது செடிக்கு வெள்ளம்? அங்கெல்லாம் தண்ணிதான். வெள்ளம்னா ஊரையே அடிச்சுட்டுப் போறதாச்சே! இது நம்ம பாலக்காட்டுப் பேச்சு. எங்கம்மா உன்னைய நல்லா ஏமாத்தியிருக்குது, போ!"

மருதாத்தாளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. குட்டு உடைந்தது. இனி அந்தப் பெண் எந்த முகத்தோடு வெப்சைட்டைத் திறப்பாள்?

"ஏனுங்க, மெதுவாப் பேசுங்க, அத்தை காதுல உழுந்தறப் போகுது," என்றாள் ஜீவிதா. "மாமா போனதுல இருந்து கட்டிலே கதின்னு கெடந்தாங்க. நான் வருத்தப்பட்டா அவங்க மனசு தாங்காது, எந்திரிச்சு வந்துருவாங்கன்னுதான் மூடறேன்னே சொன்னேனுங்க!"