விற்ற வெயில்

எமல்டாவின் பச்சைப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அதற்கென்று நீல விளக்கு உண்டு, மின்சாரம்தான் இல்லை.

“பிள்ளையைக் காலை வெயிலில கிடத்துங்கோ,” என்றாள் தாதி.

எமல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வெயிலில்? அரசாங்கம் ஊர் வெயில் முழுவதையும் அயல்நாட்டுக்கு விற்றிருந்தது. வீடு, முற்றம், கோயில் வீதி எல்லாவற்றுக்கும் மேலே பந்தல் போட்டதுபோல் சூரியத் தகடுகள். அவற்றின் மின்சாரம் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கடலுக்கடியால் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

வெயில் விழுகிற இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது: அந்த நாட்டு வர்த்தக அலுவலகத்தின் புல்தரை. எமல்டா நேரே அங்கே போய், சீலையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள்.

காவலாளி சூசைமுத்து ஓடி வந்தார். அவரும் உள்ளூர்க்காரர்தான்.

“தங்கச்சி, இது அவையின்ர இடம். அனுமதி இல்லாம ஒருத்தரும் வரேலாது. பிள்ளையைத் தூக்கு.”

“இடம் அவையின்ர. வெயில் ஆரின்ர அண்ணை?”

“அதையும் வித்தாச்சுத்தானே.”

“நான் விக்கேல்லை. போன கிழமை பிறந்த இவளும் விக்கேல்லை.” எமல்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நான் தூக்க மாட்டன். உங்களுக்கு மனம் வந்தா, நீங்களே தூக்கிக்கொண்டுபோய் நிழலில வையுங்கோ.”