ஒரு சிரிப்பு வித்தியாசம்

மேடைச் சிரிப்புப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு நடுவர்கள் கிடையாது. யார் பேசும்போது எந்த வீட்டில் எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று டிவியே பார்த்து எண்ணிக்கொள்ளும். பாதியில் அணைத்தால் அந்த வீட்டுக் கணக்கு செல்லாது.

உறையூரில் தென்னவனின் பெற்றோர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் போட்டிக்காக பேங்க் வேலையை விட்ட தென்னவன் பேசி முடித்துவிட்டான். எதிராளி ஜோயலுக்கு அரை நிமிடம் மிச்சம். சிரிப்புக் கணக்கில் இருவரும் சமம்.

"உங்களுக்கு உதடு துடிக்குதுங்க," என்றாள் அம்மா.

"பய நல்லாத்தான் பேசுறான்."

"உங்க அண்ணன் சாவை நெனச்சுக்குங்க. சிரிப்பு வராது."

அப்பா கண்ணை மூடி நினைத்தார். அடுத்த நொடி வெடித்துச் சிரித்தார்.

ஒரே சிரிப்பில் ஜோயல் ஜெயித்தான். ஜெயிக்க வைத்த முகம் என்று மேடைத் திரையில் அப்பாவை நேரலையில் காட்டினார்கள். தென்னவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவன் ஜோக்கு அவ்வளவு நல்லாவாப்பா இருந்துச்சு?"

"அதுக்கு இல்லடா. பெரியப்பா சாவுல சங்கு ஊதுனவருக்கு விக்கல் வந்துச்சு. அதை நெனச்சேன்."

அரங்கம் குலுங்கியது. தெருவில் எல்லா வீட்டிலும் சிரிப்பு.

அம்மா சிரிக்கவில்லை. "இதைப் போன வாரமே புள்ளைகிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றாள்.