சக்கரத்தடியில் ஒரு கருங்கல்

மேட்டு வீடொன்றின் சரிவான முற்றத்தில், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் வண்டியொன்று, மறுபடி சாலையில் ஓடும் ஆசையோடு நின்றிருந்தது. அதற்குப் பிரேக் இல்லை. முன்சக்கரத்தடியில் கிடந்த கருங்கல்தான் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

உரிமையாளர் இருதயராஜ் சிக்கனக்காரர். தம் கையாலேயே வண்டியைச் சீர்செய்தார். ஒரு மாதம் பளபளக்கும் முகவிளக்கு வந்தது. மறுமாதம் கதவுக்குப் புலிப்படம் வந்தது.

"பிரேக் எப்போது வரும்?" என்றது வண்டி.

"பிரேக்கை எவன் குனிந்து பார்க்கப் போகிறான்?" என்றது விளக்கு. "முதலில் இந்தப் பிச்சைக்காரக் கல்லை விலகச் சொல். என் மானம் போகிறது."

"விலகுகிறேன், மகராசி. வண்டியை நீ பிடித்துக்கொள்வாயா?" என்றது கல்.

"பிடிப்பதெல்லாம் கூலி வேலை. நான் அழகுக்கு வந்தவள்."

வண்டியோ வீட்டு ஜன்னல் கண்ணாடியில் தன் புலியைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று வண்டியைப் புகைப்படமெடுக்க வந்த இருதயராஜுக்கு, அந்தக் கல் கண்ணை உறுத்தியது. காலால் எத்தித் தள்ளினார். வண்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு விறுவிறுவென்று உருண்டு மதிலில் மோதியது. விளக்கு தூளானது.

அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வண்டியை மேலே தள்ளிய இருதயராஜ், கல்லைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு, உதிரிபாகக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, இப்போதாவது பிரேக் வருமா?" என்று நசுங்கிய முகத்தோடு கேட்டது வண்டி.

"முகத்தைத் துடைத்துக்கொள்," என்றது கல். "இதைவிடப் பெரிய விளக்கு வருகிறது."