கொண்டைக்குப் பழி

கொண்டை ஊசியை வேண்டுமென்றே அழுத்திக் குத்தினாள் அறிவுமதி.

"வலிக்குதா? நல்லா வலிக்கட்டும்!"

நாலு வயதுத் தம்பி பூவரசன் தலையைக் காட்டிக்கொண்டிருந்தான். சீப்பைக் கண்டாலே வீட்டைச் சுற்றி ஓடுகிறவன், இன்று முக்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பயந்துவிட்டான் என்று அவள் உள்ளூர மகிழ்ந்தாள்.

பயப்படாமல் என்ன செய்வான்? நேற்றுப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. ஆண்டாள் வேடமிட்டு அவள் புறப்படும் வேளையில், சவுரிமுடியில் செய்த சாய்கொண்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் இவன்தான். கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தெடுத்தபோது அதைத் தன் தலையில் கவிழ்த்திருந்தான். கொண்டை நசுங்கிப் போயிருந்தது. பரிசு வகுப்புத் தோழி லின்சிக்குப் போயிற்று.

"சின்னப் புள்ளதானேடி, விடு" என்றதோடு அம்மா முடித்துக்கொண்டாள். அறிவுமதி விடுவாளா? அவனை அழவைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

இன்று அம்மா காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இரவுப் பணி முடித்த அப்பா உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, மாலை, அதே நசுங்கிய கொண்டை, எல்லாம் பூவரசன்மேல் ஏறின.

"கொண்டை கேட்டுச்சுல்ல உனக்கு? நட, தெருவுல எல்லாரும் பார்க்கட்டும்!"

உத்திர வீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிரவீன்ராஜ் மட்டையைப் போட்டுவிட்டுக் கைகொட்டினான்.

"டேய், பூவரசன் பொண்ணாயிட்டான்டா! ஆண்டாளம்மா, எங்க டீம் ஜெயிக்கணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க!"

தெருவே சிரித்தது. பூவரசன் தலை நிமிரவில்லை. பாவாடையின் சரிகைக் கரையையே பார்த்தபடி நின்றான். வெட்கத்தால் குன்றிப்போனான் என்று அறிவுமதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆயினும், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே! தெருக்கோடிவரை நடத்திப் பார்த்தாள். ஊஹூம்.

அம்மா திரும்புவதற்குள் வீட்டுக்கு இழுத்து வந்தாள். கொண்டையைக் கழற்றி, ஈரத்துண்டால் பொட்டைத் துடைத்தாள். அப்போதுதான் அவன் உடைந்து அழுதான். ஏங்கி ஏங்கி அழுதான்.

"அழு, நல்லா அழு! இனிமே தப்பு பண்ணுவியா?"

துண்டு பிடித்த அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு, தேம்பலினூடே பூவரசன் கேட்டான்:

"பண்ணா, மறுபடியும் போட்டு விடுவியாக்கா?"